தரையோடு போகும் கார்

எங்கள் காரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பால் போடுகிறவர் சொல்லியிருக்கிறார். இஸ்திரிக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். தேர் பார்க்க வெளியூரிலிருந்து வந்து, எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் நிழலுக்கு நின்ற ஒருவர்கூட, "ஏங்க, இவ்வளவு தாழ்வா இருக்கே, ஸ்பீட் பிரேக்கர்ல எப்படிங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். தெருவுக்குப் புது ரோடு போடும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீடு இன்னும் கொஞ்சம் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. கார் நிற்கும் சிமென்ட் தரையிலிருந்து தெருவுக்கு ஏறும்போது அதன் வயிறு உரசுகிற சத்தம் பக்கத்து வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும். "டீச்சர் கிளம்பிட்டாங்க" என்று அந்த வீட்டு அம்மா சொல்வது எனக்கும் கேட்கும்.

நான் மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வேன். காரை மட்டும் விற்க மாட்டேன். காரணம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.

என் கணவருக்குப் பணி ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆமா, வேணாம், சரி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் மிஞ்சின. அவருடைய சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரம். எங்கள் காரின் பின் இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டால் அதுவும் சரியாக நாற்பத்தெட்டு. வலப்பக்கப் பின் கதவைத் திறந்து, நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் வழவழப்பாக இழைத்த ஒரு பலகையை வைத்துவிட்டால் போதும். இடது கையை ஊன்றி, இடது காலை உந்தி, அவரே நகர்ந்து உள்ளே போய்விடுவார். யாரும் தொட வேண்டாம். நான் டிரைவர் சீட்டில் ஏறுவேன், அவர் எனக்குப் பின்னால் முதலாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். காவிரிப் பாலத்தில் போகும்போது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

உயரமான காரில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். நோய் வந்த ஐந்தாம் மாதம் முசிறியில் ஒரு கல்யாணம். உறவுக்காரர் ஒருவர் ஆசையாகத் தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். ஏறுவதற்கு ஏணி கேட்கும் உயரம். இரண்டு பேர் சேர்ந்து இவரைத் தூக்கினார்கள். "அண்ணன் செம வெயிட்டுப்பா" என்று ஒருவர் சிரித்தார், இன்னொருவர் "அரிசி மூட்டைய விட ஜாஸ்தி" என்றார். இவர் ஏதோ கத்தினார். இடது கையால் தூக்கியவரின் தோளில் அடித்தார். மூவரும் சேர்ந்து விழப் பார்த்தார்கள். கல்யாண மண்டபத்தில் இறங்க மறுத்துவிட்டார். வாசலிலேயே, காருக்குள்ளேயே, இலைச் சாப்பாட்டைத் தட்டில் வாங்கிவந்து ஊட்டினேன். வீட்டுக்கு வந்தபின் நான்கு மாதம் வாசலைத் தாண்டவில்லை. எங்கே கூப்பிட்டாலும் "வேணாம்."

முப்பத்து மூன்று வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளையும் இன்ஜின்களையும் கிரேனில் தூக்கும் பிரிவில் இருந்த மனிதர். அவரை மூட்டை என்றால் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு முடிவு செய்தேன்: இனிமேல் இவரை யாரும் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான், விற்பதற்காகப் படுதா போட்டு மூடி வைத்திருந்த எங்கள் பழைய தாழ்வான கார் கண்ணில் பட்டது. டேப்பை எடுத்து அளந்தேன். மெத்தையோடு நாற்பத்தெட்டு.

காரைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டேன். லிஃப்டின் கையை இடம் தெரியாமல் கொடுத்துத் தூக்கி, கதவுக்குக் கீழே ஓரத்தகட்டை வளைத்துவிட்டார்கள். கேட்டால், "இவ்ளோ தாழ்வான வண்டியில இடமே தெரியலம்மா" என்றார்கள். நான்கு நாள் வண்டி அங்கே நின்றது, நான்கு நாளும் இவர் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்கு ஆயில் மாற்றிவிட்டு போல்ட்டுக்கு அடியில் பழைய வாஷரையே போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு தரையில் தினமும் கைக்குட்டை அளவுக்கு எண்ணெய்.

என் மகளும் மருமகனும் பெங்களூரில் இருக்கிறார்கள். வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது தரையில் இருந்த கறையை மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா, ஆயில் ஒழுகுற வண்டியிலயா அப்பாவக் கூட்டிட்டுப் போற? நடு ரோட்ல நின்னுச்சுன்னா ஒத்த ஆளா என்ன பண்ணுவ?"

"ஒரு வாஷர்தான்டி."

"ஒண்ணும் பேசாத. ஞாயித்துக்கிழமை எங்க வண்டியில வர்றோம். அது உங்களுக்குத்தான், விட்டுட்டுப் போறோம். பழசக் குடுத்துடலாம்."

அவர்களுடைய வண்டியை எனக்குத் தெரியும். அது கல்யாணத்துக்கு வந்த காரைவிட உயரம். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கார் எங்கள் வாசலில் நின்றால் இவர் மறுபடி ஜன்னலோரம் போய்விடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒழுகலை நானே நிறுத்திக்காட்டுவது என்று தீர்மானித்தேன். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும், அவ்வளவுதானே. எத்தனையோ வருடமாக எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துகிறவளுக்கு ஒரு போல்ட்டா பெரிது?

போல்ட் பெரிதில்லை, அதை எட்டுவதுதான் பெரிது. காருக்கு அடியில் என் கை போகும், தலை போகாது. தூக்க வேண்டும்.

டிக்கியில் காரோடு வந்த ஜாக் ஒன்று இருந்தது, கத்தரிக்கோல் மாதிரி விரிவது. டயர் மாற்றுவதற்கு அது போதும். அதை நம்பி அடியில் படுக்கிறேன் என்று நான் கையால் ஜாடை காட்டியபோது இவர் நாற்காலியின் கைப்பிடியில் அறைந்து "வேணாம்" என்றார். சரி, அது கழிந்தது. எதிர்வீட்டுக்காரர் ஹாலோ பிளாக் நான்கு தருவதாகச் சொன்னார். "வீட்டையே தாங்குது, காரத் தாங்காதா டீச்சர்?" என்றார். இவர் அதற்கும் "வேணாம்." நான் ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுச் சுவரில் பாரம் சமமாக இறங்கும். இங்கே ஒரு சின்ன இரும்பு முனை ஒரே இடத்தில் அழுத்தும், பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஆயிரம் பேர் அப்படி வைத்துப் பிழைத்திருக்கலாம், ஆனால் அடியில் படுக்கப் போகிறவள் நான். ஆன்லைனில் பிளாஸ்டிக் சாய்தளங்கள் விற்கிறார்கள், ஓட்டி ஏற்றிவிட்டால் போதும் என்று. படத்திலிருந்த அளவை வைத்து நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்தேன். சக்கரம் ஏறத் தொடங்கும் முன்னால் எங்கள் காரின் பம்பர் சாய்தளத்தில் இடித்து நின்றது. காசு போகாமல் காகிதத்திலேயே அடிபட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தாழ்வான கார்களுக்கென்றே தட்டையான டிராலி ஜாக் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். சாதாரண டிராலி ஜாக், நாலு சின்னச் சக்கரத்தில் உருண்டு போய், கைப்பிடியை அடித்தால் எண்ணெய் அழுத்தத்தில் ஏறுவது, பாலக்கரையில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. காருக்கு அடியில், தூக்க வேண்டிய குறுக்குச் சட்டம் தரையிலிருந்து பதிமூன்றரை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போயிருந்தேன். கடையில் கைப்பையிலிருந்து என் ஸ்கேலை எடுத்து ஜாக்கின் பக்கத்தில் நிறுத்தினேன். பதிமூன்று. அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது, பேரம் பேசி வாங்கிக்கொண்டு, கூடவே உயரம் மாற்றக்கூடிய இரும்பு ஸ்டாண்ட் இரண்டும் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் ஜம்மென்று வந்தேன்.

ஜாக் காருக்கு அடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கமிருந்து தள்ளினேன், அந்தப் பக்கமிருந்து தள்ளினேன். போகவில்லை. ஸ்கேலை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து தொடங்காது. ஓரத்தில் அரை சென்டிமீட்டர் வெற்று மரம், அதற்குப் பிறகுதான் முதல் கோடு. "ஸ்கேலின் ஓரம் வேறு, பூஜ்யம் வேறு" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அந்த ஒரு தப்புக்காக எத்தனை காதைத் திருகியிருப்பேன்! தரையில் உட்கார்ந்தபடியே இவரிடம் ஸ்கேலைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். வாயின் வலது ஓரம் ஒத்துழைக்காததால் சிரிப்பு கோணலாக வந்தது, ஆனால் சத்தமாக வந்தது. நோய்க்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

காரை ஜாக்குக்கு ஏற்றபடி கொஞ்சம் உயர்த்திவிட்டால் ஜாக் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று அன்று இரவு சப்பாத்தி இடும்போது தோன்றியது. பலகை போதும். முன் சக்கரங்களை நாலு சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் ஏற்றினால் பதிமூன்றரை பதினேழரை ஆகும். பம்பரும் இடிக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் மரக்கடைக்குப் போனேன்.

"என்ன மரம் வேணும்? கதவுக்கா, ஷெல்ஃபுக்கா?" என்றார் கடைக்காரர்.

"கார் ஏறி நிக்கணும்."

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வேங்கை வாங்கிக்குங்க. கட் பீஸ் கெடக்கு, சல்லிசாப் போட்டுத் தரேன். ஏர்ற பக்கம் சாய்ச்சு அறுத்துடட்டுமா?"

"அறுத்துடுங்க. முடிச்சு, வெடிப்பு இல்லாததாப் பாத்து எடுங்க."

"பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேணாமா? தேருக்குப் போடுற மாதிரி நாலு போட்டுத் தரேன். வண்டி பின்னால உருண்டுச்சுன்னா பலகை என்ன பண்ணும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டில் எல்லோருடைய காரியத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிறவள் என்று பேர் வாங்கியவள், காசு கொடுத்து முட்டுக்கட்டை வாங்கிவந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை. முன் சக்கரங்கள் மெதுவாகப் பலகையில் ஏறின. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளைச் செருகினேன். இவரை நாற்காலியோடு காருக்கு முன்னால், பத்தடி தள்ளி, நிழலில் நிறுத்தியிருந்தேன். ஜாக் உள்ளே போயிற்று. கைப்பிடியை இரண்டு முறை அடித்தேன்.

"அபேஸ்!" என்று கத்தினார் இவர்.

கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஸ்பானர்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன.

அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். தில்லைநகர் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நினைவு திரும்பிய மூன்றாம் நாள், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதற்காக வார்டு ஊழியர் இவரைத் தூக்கியதும் "அபேஸ், அபேஸ்" என்றார். நோய்க்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அபேஸ் என்றால் களவு போயிற்று என்றுதானே எனக்குத் தெரியும்? தினத்தாளில் போடுகிறார்களே, ஓடும் பஸ்ஸில் நகை அபேஸ் என்று. அவர் விரலைப் பார்த்தேன். மோதிரம் இல்லை. அந்த ஊழியரைப் பிடித்துக்கொண்டேன். பாக்கெட்டைக் காட்டு என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு பஸ் டிக்கெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. மோதிரம் என் பர்ஸில் இருந்தது. ஸ்கேனுக்கு முன்னால் நானே கழற்றி வைத்தது. அவமானத்தில் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் யாராவது தூக்கும்போதெல்லாம் இவர் அபேஸ் என்பார், நான் "ஒண்ணும் போகலைங்க, மோதிரம் பத்திரமா இருக்கு" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கட்டிலில் போடும்போது ஆரியா, ஆரியா என்பார். "தில்லைநகர் ஏரியாங்க" என்று அதற்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் இப்படிச் சம்பந்தமில்லாத சொற்கள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முசிறிக் கல்யாணத்திலும் அவர் கத்தியது இதைத்தான்.

"ஒண்ணும் களவு போகலைங்க" என்றேன், வழக்கம்போல. "அபேஸ்" என்றார் மறுபடியும். இந்தத் தடவை இடது கையை நீட்டி, உள்ளங்கையை வானத்தைப் பார்க்கத் திருப்பி, விரல்களை மேல் நோக்கிச் சுண்டினார். ஆஸ்பத்திரியில் இந்தச் சைகைக்கு வழியில்லை, அந்தக் கையில் டிரிப்ஸ் ஊசி குத்திக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள்.

எரிச்சலோடு உட்கார்ந்து கைப்பிடியை அடித்தேன். "அபேஸ்" என்றார். அடித்தேன். "அபேஸ்." ஒவ்வொரு அடிக்கும் ஒரு அபேஸ், தாளம் தப்பாமல். கார் பலகையிலிருந்து கிளம்பி மேலே வந்தது. திடீரென்று விரல்களை மூடி முஷ்டியாக்கினார். என் கை தானாக நின்றது. காரின் ஒரு பக்கம் சற்று அதிகமாக ஏறியிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்தார். "ஆரியா" என்றார். குரல் தணிந்திருந்தது, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் சொல்வதுபோல. கைப்பிடியைத் திருகினேன். கார் மெல்ல இறங்கியது.

நான் கிரீஸ் கையோடு உள்ளே ஓடினேன். அவரோடு வேலை பார்த்த ஒருவரின் நம்பரைத் தேடி எடுத்து, நலம் விசாரிக்கக்கூட இல்லாமல் கேட்டேன்: "அபேஸ்னா என்னங்க?"

"என்ன அண்ணி, காலங்காத்தால?" அவர் சிரித்தார். "தூக்குன்னு அர்த்தம். கிரேன் இருக்கிற இடத்துல எல்லாம் அதான் பேச்சு. அபேஸ்னா மேல தூக்கு, ஆரியான்னா கீழ எறக்கு. யார் கொண்டாந்து விட்ட பாஷையோ தெரியல. அண்ணன் விசில் குடுத்து அபேஸ் சொல்லாம ஒரு பெட்டி தரைய விட்டுக் கெளம்பாது. கீழ நிக்கிறவரு ஒருத்தர்தான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் மேல கிரேன்ல இருக்கிறவன் கேக்க மாட்டான். ஆமா, எதுக்குக் கேக்குறீங்க?"

அப்புறம் சொல்றேன் என்று போனை வைத்தேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்த இரண்டு சொல் எனக்குத் தெரியாது. அவர் சாப்பாட்டுக் கூடையைத் தெரியும், ஷிப்ட் தெரியும், போனஸ் எப்போது வரும் என்று தெரியும். வேலையில் என்ன பேசுவார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றரை வருடமாக அந்த மனிதர் சரியான இடத்தில் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மோதிரம் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு, முகத்தில் கிரீஸ் அப்பியிருப்பது தெரியாமலே வெளியே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கோணலாகச் சிரித்தார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அவர் சொல், என் கை. ஓரத்தகட்டில் வளையாத இடத்தில் ஸ்டாண்ட் இரண்டையும் வைத்தேன். ஆரியா. கார் ஸ்டாண்டில் உட்கார்ந்தது. முசிறிக் கோரைப்பாயை விரித்துப் படுக்கப் போனேன், முஷ்டியைக் காட்டினார். காரின் பக்கவாட்டில் கையை வைத்துத் தள்ளுவதுபோல் சைகை செய்தார். குலுக்கினேன், அசையவில்லை. இன்னும் பலமாக என்றார். தோளைக் கொடுத்துக் குலுக்கினேன். அப்புறம்தான் "சரி" வந்தது. அடியில் படுத்து எண்ணெயை வடித்து, போல்ட்டைக் கழற்றி, புது வாஷர் போட்டு முறுக்கினேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமும் அவர் என் கால்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பது, எனக்கு அடியிலிருந்து அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தாலும், நன்றாகத் தெரிந்தது. காரைப் பலகைக்கு இறக்கிப் புது எண்ணெய் ஊற்றி, தரையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன்.

மாலையில் பஸ் பிடித்துத் தில்லைநகர் போனேன். அந்த வார்டு ஊழியர் அங்கேயேதான் இருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என்னை நினைவில்லை என்றார். "இங்க தெனமும் யாராச்சும் திட்டுவாங்கம்மா. ஆனா அபேஸ்னா தூக்குன்னு தெரிஞ்சிருந்தா அவரு சொன்னப்புறமே தூக்கியிருப்பேன்" என்றார். திரும்பும்போது பஸ் முழுக்க அதுவே மனசில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். அந்த உயரமான கார் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் வெளிச்சத்தைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். செய்தித்தாள் காய்ந்து கிடந்தது.

"யார்மா சரி பண்ணா?"

"நாங்கதான்."

பலகையையும் ஸ்டாண்டையும் காட்டினேன். அவள் திட்டத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "சரி, இதுவே இருக்கட்டும்" என்று இறங்கிவந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொள்ளிடக் கரை வரை போய் வரலாம் என்று மருமகன் சொன்னார். நான் எங்கள் காரின் பின் கதவைத் திறந்து, மெத்தையைத் தட்டிப் போட்டு, பலகையை எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். இடது கையால் சக்கரத்தை உருட்டி, இடது காலால் தரையை உந்தி, சரிவில் ஏறித் தெருவுக்குப் போய்விட்டிருந்தார். அந்த உயரமான காரின் கதவுக்கு நேரே நாற்காலி நின்றது.

"அப்பா, அது வேணாம்ப்பா. தூக்கணும். உங்களுக்குப் புடிக்காது" என்றாள் மகள்.

"வேணாங்க" என்றேன் நானும். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்து இடது கையை நீட்டிக் காத்திருந்தார். இந்த ஒன்றரை வருடமும் நான் எதற்காகச் சண்டை போட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. தூக்குவது அவருக்குப் பிடிக்காதது இல்லை. தூக்குவதுதான் அந்த மனிதரின் தொழில். அவர் சொல்லாமல் தூக்கினோமே, அதுதான்.

மருமகனிடம் விவரம் சொன்னேன். அவர் பின்னாலிருந்து அக்குளுக்கு அடியில் கை கொடுத்தார். நான் முழங்காலுக்கு அடியில் கொடுத்தேன். மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தோம். உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் திரும்பியது.

"அபேஸ்."

தூக்கினோம். விரல் சுண்டச் சுண்ட மேலே போனார். சீட்டு மட்டத்துக்கு மேலே நான்கு விரற்கடை வந்ததும் முஷ்டி மூடியது. நின்றோம். உள்ளே நகர்த்தச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. எங்கள் கைகளில் அப்படியே சாய்ந்துகொண்டு, கழுத்தை மெதுவாகத் திருப்பித் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைப் பார்த்தார். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டு இங்கே பார்ப்பதைப் பார்த்தார். தெருக்கோடி வரை பார்த்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்தார். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மருமகனுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை வழிந்தது. "அத்தை, உள்ள வச்சிடலாமா?" என்றார்.

எனக்கும் கை கடுத்துக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் சொல்லல மாப்பிள்ளை" என்றேன். "புடிங்க."